பதினெட்டு மூச்சு

கட்டிலில் படுத்திருப்பவளுக்குக் காது கேட்காது என்று நர்ஸாவதற்குத் தாதிமை படிக்கிற பிள்ளைகள் எப்படியோ முடிவு செய்துவிடுகிறார்கள். போர்வையை என் கழுத்துவரை இழுத்துவிட்டு, திரையைச் சுற்றிலும் மூடிவிட்டு, என் தலைக்கு மேலேயே பேசிக்கொள்வார்கள். எந்த லெக்சரர் மெயில் போட்டால் பதில் போடுவதில்லை, எந்த வார்டுக்குப் பயிற்சிக்குப் போனால் அழுதுகொண்டு வீடு திரும்ப வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். செகண்டரி இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவள் நான். பல்கலைக்கழகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மல்லாந்து படுத்தபடி கேட்டதுதான்.

என் வேலை நோயாளியாக நடிப்பது. கிராஞ்சியில் நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடிய பிறகு, எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் ஒரு சீன அம்மா சொல்லித்தான் இதில் சேர்ந்தேன். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே வார்டு மாதிரி ஓர் அறை. கட்டில், திரை, குளுக்கோஸ் கம்பி எல்லாம் உண்டு. சில கட்டில்களில் ரப்பர் பொம்மை படுத்திருக்கும். சிலவற்றில் என்னைப் போல ஆள். இன்றைக்கு உன் பெயர் இது, வயது இது, வயிற்றில் அறுவை நடந்து இரண்டாம் நாள் என்று தாளில் எழுதிக் கொடுப்பார்கள். ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, உட்லண்ட்ஸிலிருந்து ரயிலில் போகும்போதே மனப்பாடம் செய்வேன். தப்பாகச் சொல்லி யாரோ பெற்ற பிள்ளையின் மார்க்கைக் கெடுத்துவிடுவேனோ என்று இறங்குகிறவரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன். நெஞ்சுவலிக்காரியாக நடிக்கச் சொன்ன நாளில் நிஜமாகவே வலிக்கிற மாதிரி இருக்கும்.

"நடிச்சு நடிச்சு ஒருநாள் நிஜமா வந்தா, அப்பவும் நல்லா நடிக்கிறான்னுதான் சொல்லுவாங்க" என்றார் என் கணவர். சிரிப்புக்குத்தான் சொன்னார். எனக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொல்லாவிட்டால் சொன்னதாக ஆகாது என்று வைத்துக்கொள்கிறேன்.

அவளை முதலில் எனக்குக் கையால்தான் தெரியும்.

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் கை சுத்தம் செய்யும் மருந்துப் பாட்டில் மாட்டியிருக்கும். பாதி நாள் காலியாக இருக்கும். பிள்ளைகள் காலிப் பாட்டிலை ஓர் அமுக்கு அமுக்கி, வெறுங்கையைத் தேய்த்துக்கொண்டு, "அஸ்யூம்" என்பார்கள். கை கழுவியதாக வைத்துக்கொள்வோம் என்று அர்த்தம். கையுறை போட்டதாக வைத்துக்கொள்வோம். தெர்மாமீட்டர் காட்டியதாக வைத்துக்கொள்வோம். லெக்சரர்களும் அதையேதான் சொல்வார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு கட்டிலுக்கு எட்டு ஒன்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, ஒவ்வொருத்தரும் நிஜமாகக் கை கழுவினால் பாடம் முடிந்து அடுத்த வகுப்பு வாசலில் வந்து நின்றுவிடும்.

அந்தப் பெண் மட்டும் அறையின் கடைசியில் இருக்கும் சிங்க் வரை நடந்து போவாள். விரல் இடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு எல்லாம் தேய்த்துக் கழுவி, துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். அதற்குள் வரிசையில் நாலு பேர் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

"சாரி ஆன்ட்டி, கை ஐஸ் மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். ஏசியில் அந்த விரல்கள் நிஜமாகவே ஐஸ்தான். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் வந்திருப்பது அவள் என்று தெரிந்துவிடும்.

ஒருநாள் என் மணிக்கட்டை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "நாடியில ஏதாச்சும் கோளாறாம்மா?" என்று தாளில் இல்லாத கேள்வியைத் தமிழில் கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். "நாடி அப்பவே முடிஞ்சிருச்சு ஆன்ட்டி. உங்க மூச்சை எண்ணிட்டிருந்தேன். மூச்சை எண்ணப்போறேன்னு சொன்னா எல்லாருக்கும் மூச்சு மாறிடும். அதான் நாடி பாக்குற மாதிரியே கையைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சைப் பாக்கணும்."

"எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்களா?"

"எல்லாரும் பதினெட்டுன்னு எழுதிடுவாங்க. பெரியவங்களுக்கு அதுதான் நார்மல்."

அவளுடைய தோழி ஷாலினி என்று ஒரு பெண். எப்போதும் பசியோடு இருக்கிற, வாய் ஓயாத பெண். அவள்தான் எல்லாருக்கும் இவளுடைய கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரு பொம்மைக்கு நாடி துடிக்கிற மோட்டார் கெட்டுப்போயிருந்தது. மற்றவர்கள் அதன் கையைத் தொட்டுவிட்டு எழுபத்திரண்டு என்று எழுதிவிட்டார்கள். இவள் மட்டும் அந்த ரப்பர் கையைப் பிடித்துக்கொண்டே நின்று, கடைசியில் நாடி கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாள்.

"நாடி இல்லைன்னா பேட்டன்ட் போயிட்டாருன்னு அர்த்தம் லா!" ஷாலினி என் கால்மாட்டில் நின்று கை தட்டிச் சிரித்தாள். "போ, தேக்கா மார்க்கெட்ல மாலை வாங்கிட்டு வா. மத்தியானம் எடுத்துடலாம்."

வகுப்பே சிரித்தது. நானும் நோயாளி என்பதை மறந்து சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் தாளில் எழுதியதை அடிக்கவில்லை.

எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. நானும் அந்த ஜாதிதான். கேஸ் அடுப்பை மூடினேனா என்று ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போகிறவள். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்து, லிஃப்டில் இறங்கி, மறுபடி மேலே ஏறுகிறவள். ஒரு வித்தியாசம். என்னுடையது வியாதி என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். அவளுடையது படிப்பு. உலகத்தில் ஓரிடத்திலாவது இந்தக் குணம் தேவைப்படுகிறதே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒருநாள் பாடம் முடிகிற சமயத்தில் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். படிக்கிற சூழல் எப்படி இருக்கிறது என்று மாணவர்களிடம் கேட்கிறோம், ஃபோனிலேயே பதில் போட்டுவிடலாம், பெயர் தெரியாது என்றார். பிள்ளைகள் தட்டுத் தட்டென்று தட்டிவிட்டுப் பையைத் தூக்கினார்கள். எழுந்திருக்கலாம் என்று யாரும் சொல்லாததால் நான் படுத்துக்கொண்டே இருந்தேன். இவள் மட்டும் என் கட்டில் ஓரத்தில் நின்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் அக்ரீ போடு லா. கேன்டீன் மூடிடுவான்" என்றாள் ஷாலினி.

"இரு. தப்புப் பண்ணினா பயமில்லாம ஒத்துக்க முடியுதான்னு கேட்டிருக்கு."

"முடியுதுன்னு போடு."

"உனக்கு முடியுதா?"

"எனக்குப் பசிக்குது."

ஷாலினி போய்விட்டாள். விளக்கைப் பாதி அணைத்துவிட்டார்கள். "அப்படி என்னம்மா யோசிக்கறே?" என்றேன்.

"கட்டடம் நல்லாருக்கு ஆன்ட்டி. லைப்ரரி நல்லாருக்கு, ஏசி நல்லாருக்கு. அதெல்லாம் போட்டுட்டேன்." கட்டைவிரல் ஃபோன் கண்ணாடிக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பும்போதும் அப்படியேதான் நின்றாள்.

பிறகு கொஞ்ச காலம் அவர்கள் எல்லாரும் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்த வாரம், நோயாளி படுத்திருக்கும்போதே படுக்கை விரிப்பை மாற்றுகிற பாடம். என்னை ஒரு பக்கம் உருட்டி, பழைய விரிப்பைச் சுருட்டி, மறுபக்கம் உருட்டிப் புதியதை இழுப்பார்கள். ஷாலினி அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம், நடுவில் நான்.

"உன் வார்டு எப்படி?" ஷாலினி கேட்டாள்.

"என் பேரே எனக்கு மறந்துபோச்சு. காலையிலேருந்து ஸ்டூடண்ட். ஸ்டூடண்ட், பெட்பேன் எடு. ஸ்டூடண்ட், வழியில நிக்காத. ஆன்ட்டி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன்.

"உக்கார இடம் குடுத்தாங்களா?"

"படிக்கட்டுல உக்காந்து பசியாறினேன். பரவால்ல, அது காத்தோட்டமா இருந்துச்சு." கொஞ்ச நேரம் விரிப்பின் மூலையை மடித்தாள். "ஒரு தாத்தா இருந்தாரு. பாத்தா தூங்குற மாதிரி இருக்கு. மூச்சை எண்ணினா முப்பதுக்கு மேல. போய்ச் சொன்னேன். நேத்தும் பதினெட்டு, இன்னிக்கும் பதினெட்டு போடு, டாக்டர்ஸ் ரவுண்ட்ஸ் வந்துட்டாங்க, நேரமாச்சுன்னாங்க."

"போட்டியா?"

"எண்ணினதைத்தான் போட்டேன்."

"அய்யோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன. என் ரிப்போர்ட்ல ஸ்லோன்னு எழுதிட்டாங்க. சொன்னதைக் கேக்க மாட்டேங்கறான்னு எழுதிட்டாங்க."

"தாத்தா?"

"தெரியல. மறுநாள் என்னை வேற வார்டுக்கு மாத்திட்டாங்க."

இரண்டு பேருமாக விரிப்பை இழுத்துச் செருகினார்கள். என்னை மறுபடி மல்லாத்திப் படுக்க வைத்தார்கள். எனக்கு அந்தத் தாத்தாவின் நினைவாகவே இருந்தது. அன்று இரவும் மறுநாளும் இருந்தது. இப்போதும் இருக்கிறது. யார் வீட்டுத் தாத்தாவோ.

ஆண்டுக் கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. மணி அடித்தால் ஒரு பிள்ளை உள்ளே வரும். மறுபடி மணி அடித்தால் வெளியே போய்விட வேண்டும். மூலையில் தேர்வாளர் உட்கார்ந்து மார்க் குறித்துக்கொண்டிருப்பார். நோயாளியின் நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் பார்த்து, வயிற்றில் ஒட்டிய பொய்க் காயத்தைக் கவனித்து, மாத்திரை கொடுக்க வேண்டும். மூச்சுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். "ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவேன்" என்று வாயால் சொன்னால் போதும். தேர்வாளர் "எய்ட்டீன்" என்று விடையைக் கொடுத்துவிடுவார். பிள்ளை "எய்ட்டீன், நார்மல்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகும்.

அன்றைக்கு என் கட்டிலுக்கு அவள் வந்தாள். ஐஸ் கை. மணிக்கட்டைப் பிடித்தாள், எண்ணுவேன் என்று சொன்னாள், எண்ணவும் ஆரம்பித்தாள்.

"எய்ட்டீன்" என்றார் தேர்வாளர்.

அவள் கண் என் நெஞ்சை விட்டு நகரவில்லை.

"எய்ட்டீன். அடுத்தது போம்மா." அவரும் மனசு கேட்காமல்தான் சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னாலும் குரலில் கெஞ்சல் இருந்தது.

அவள் எண்ணிக்கொண்டேயிருந்தாள். காலையிலிருந்து அடுத்தடுத்து வந்த பிள்ளைகளின் பதற்றமெல்லாம் எனக்கும் ஒட்டிக்கொண்டு நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிர்ந்த விரல்களுக்குக் கீழே அது மெதுவாக அடங்கிற்று. அன்று என் மூச்சு எத்தனை என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்ல வாயைத் திறந்தாள். காயத்துக்கு இன்னும் வரவேயில்லை. மாத்திரை கிண்ணத்திலேயே இருந்தது. மணி அடித்துவிட்டது.

இரண்டு ஞாயிறு கழித்து அவளைத் தேக்காவில் பார்த்தேன். மீன் வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக் கடைகள் பக்கம் வந்தால், கை கழுவுகிற இடத்தில் ஒரு கூட்டம். கட்டுமான வேலைக்காரத் தம்பிகள், பிள்ளையைத் தூக்கிய அம்மா, எல்லாரும் நிற்க, முன்னால் இவள் விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, நீ கை கழுவுறியா, துணி துவைக்கிறியா?" என்றார் பின்னால் நின்ற பெரியவர்.

"முடிஞ்சிருச்சு அங்கிள்" என்று வெட்கத்தோடு நகர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஆளுக்கு ஒரு தே தண்ணி வாங்கி உட்கார்ந்தோம். முதன்முதலாக நிமிர்ந்து உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கைகள் மேசைமேல் இருந்தன. விரல் கணுவெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. ஓரிடத்தில் ரத்தம்கூட உறைந்திருந்தது.

"ஃபெயில் ஆயிட்டேன் ஆன்ட்டி."

தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினேன்.

"இன்னொரு சான்ஸ் குடுத்திருக்காங்க. அதுலயும் போச்சுன்னா கோர்ஸை விட்டு நிறுத்திடுவாங்க. வார்டு ரிப்போர்ட்டும் நல்லால்ல." தேயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "செம்பவாங்ல எங்க சர்ச்சுல அம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டாங்க, பொண்ணு நர்ஸுன்னு. பூசை முடிஞ்சா வயசானவங்க கையை நீட்டிக்கிட்டு வர்றாங்க, பிரஷர் பாரும்மான்னு."

"வேற ஏதாச்சும் படிக்கலாம்லம்மா?"

"எனக்கு வேற எதுவும் வேணாம் ஆன்ட்டி." அதை மட்டும் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"லெக்சரர் என்ன சொல்றாங்க?"

"நல்லவங்க. கூப்பிட்டு உக்கார வெச்சுத்தான் பேசினாங்க. இங்க வாயால சொன்னாப் போதும், நிஜமாச் செய்யறதெல்லாம் வார்டுல செய்யலாம்னாங்க. வார்டுக்குப் போனா, அதெல்லாம் ஸ்கூல்ல செய்யறது, இங்க நேரமில்லைங்கறாங்க." கலக்குவதை நிறுத்தினாள். "அப்ப எங்கதான் ஆன்ட்டி செய்யறது?"

பக்கத்து மேசையில் யாரோ புரோட்டாவுக்குக் குருமா கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். என் பையில் மீனுக்கு ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அது கெட்டுப்போகுமே என்று ஒரு கவலை, இந்தப் பெண் என்னாகுமோ என்று ஒரு கவலை.

"ஷாலினிகூட தினமும் பழகறேன்" என்றாள்.

"எண்ணறதையா?"

"இல்ல ஆன்ட்டி. எண்ணாம நகர்றதை."

மறுதேர்வு அன்றைக்கு என்னைத்தான் போட்டிருந்தார்கள். முந்தின நாளிலிருந்தே எனக்கு உடம்பு நன்றாக இல்லை. உடம்பில் ஒன்றுமில்லை, மனசுதான். கட்டிலில் படுத்ததும் இரண்டு பக்கமும் மாறி மாறி நினைத்தேன். கடவுளே, இவள் பதினெட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். கடவுளே, அப்புறம் அந்த எண்ணுகிற கை என்னவாகும். தாளில் உள்ளதைத் தவிர நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது, சிரிக்கக்கூடக் கூடாது. நெஞ்சு போர்வைக்கு அடியில் ஏறி இறங்குவது எனக்கே தெரிந்தது. அடக்கப் பார்த்தால் இன்னும் அதிகமாயிற்று.

மணி அடித்தது. வந்தாள். பாட்டிலை ஓர் அமுக்கு அமுக்கினாள். அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டு, "அஸ்யூம்" என்றாள்.

என் பெயரைக் கேட்டாள். தாளிலிருந்த பெயரைச் சொன்னேன். மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தன. ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்துக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவளேதான். அவள் கண் என் நெஞ்சுக்கு வந்தது.

"ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவேன்."

"எய்ட்டீன்" என்றார் தேர்வாளர்.

"எய்ட்டீன், நார்மல்."

விட்டுவிட்டாள். ரத்த அழுத்தம், காயம், மாத்திரை, தண்ணீர், எல்லாம் ஒழுங்காக, அழகாக, ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. மணி அடிக்கும்போது போர்வையைச் சரிசெய்யக்கூட அவளுக்கு நேரமிருந்தது. தேர்வாளர் நிமிர்ந்து அவளைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார். நான் அப்படியே மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தேன்.

முடிவை மத்தியானமே சொல்லிவிட்டார்கள். நான் உடை மாற்றிக்கொண்டு வெளியே வரும்போது வராந்தாவில் ஓடி வந்தாள். "பாஸ் ஆன்ட்டி! பாஸ்!" பின்னால் ஷாலினி லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு, "சீக்கிரம் வா லா, கேன்டீன்ல நாசி லெமாக் நீதான் வாங்கித் தர்ற" என்று கத்தினாள்.

"சந்தோஷம்மா" என்றேன். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயந்துட்டீங்களா ஆன்ட்டி? மூச்சு வாங்குச்சே. இருபத்தாறு இருந்திருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எண்ணினியா?"

"கண்ணு தானா எண்ணுது ஆன்ட்டி. கொஞ்ச நேரம் பாத்தாலே தெரிஞ்சுடுது."

"பின்னே எதுக்கும்மா பதினெட்டுன்னு சொன்னே?"

நான் ஏதோ விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்பது போலப் பார்த்தாள்.

"பதினெட்டுதானே ஆன்ட்டி விடை."

லிஃப்ட் கத்த ஆரம்பித்தது. பிடித்திருந்த அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தேன். கணுக்களில் சிவப்பு போயிருந்தது. தோல் மூடி வழவழவென்று இருந்தது.

"வெடிப்பெல்லாம் ஆறிருச்சேம்மா."

"ஆமா ஆன்ட்டி!" விரல்களை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். "நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்கு" என்றேன்.